பன்னிரண்டு மணி நேரம், பத்து நாள்: எந்தக் கதவை எப்போது தட்டுவது?

புழல் ஏரியின் உபரி நீரைத் திறக்கும்போதெல்லாம் அரசு ஒரு வெள்ள எச்சரிக்கை வெளியிடும். நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி என்று கால்வாய் போகிற வழியிலுள்ள ஊர்களை எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் சடையங்குப்பம் என்று முடியும். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எந்தத் தண்ணீர் அறிவிப்பையும் கடைசி வரி வரை படிக்கிற பழக்கம் உண்டு. வேலை சம்பந்தப்பட்ட அறிவிப்பு வந்தால் மட்டும் தலைப்பைப் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஐ.டி.ஐ. முடித்து மணலியிலோ எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ காண்ட்ராக்டில் நுழைந்திருக்கிறீர்கள். வெல்டிங் தெரியும், வால்வு தெரியும், சூப்பர்வைசரின் மனநிலைகூட அவர் வண்டியை நிறுத்துகிற விதத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் ஷிப்ட் எட்டு மணி நேரமா பன்னிரண்டு மணி நேரமா என்பதை யார், எந்த மேசையில், எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறார்கள் என்பது தெரியுமா? தெரியாது என்றால் கூச்சப்பட வேண்டாம். இருபது வருடம் மிஷின் ஓட்டிவிட்டுச் சங்கப் பொறுப்புக்கு வந்தபோது எனக்கும் தெரியாது.

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்த்த கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. மறுநாள் காலை, சி ஷிப்ட் முடிந்து வந்த பையன் ஒருவன் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. கையில் போன். “நாலு நாள் வேலை, மூணு நாள் லீவாம்ணே. நல்லதுதானே? இதுக்கு இன்னாத்துக்கு வெளிநடப்பு?” என்றான். நியாயமான கேள்வி. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது என்றுதான் அரசும் சொன்னது.

பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பேச்சுக்கு மணிக்கு 75 ரூபாய் கூலி. தினம் 12 மணி நேரம், வாரத்தில் நாலு நாள். அன்றிருந்த சட்டப்படி ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைக் கூலி. ஆக 36 மணி நேரத்துக்கு 2,700 ரூபாய். மீதி 12 மணி நேரத்துக்கு 150 வீதம் 1,800. மொத்தம் 4,500. இரட்டைக் கூலிப் பிரிவுக்கே விலக்குக் கொடுத்துவிட்டால்? 48 மணி நேரமும் ஒரே கூலி. 3,600. அதே உழைப்பு, அதே களைப்பு, வாரத்துக்கு 900 ரூபாய் குறைவு. பையன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: “அப்ப அந்த மூணு நாள் லீவுக்கு நாமதான் காசு கட்டறமா?”

இத்தனைக்கும் அந்த மசோதாவில் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தே ஆக வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நம்மில் பலர் கோட்டை விட்ட இடம் இதுதான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்று ஒரு புதிய பிரிவைச் செருகினார்கள். எந்தத் தொழிற்சாலைக்கும், தொழிற்சாலைகளின் எந்தத் தொகுப்புக்கும், ஆறு பிரிவுகளிலிருந்து மாநில அரசு விலக்கு அளிக்கலாம் என்பது அதன் சாரம். வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை, நாளுக்கு ஒன்பது மணி நேரம், இடையில் ஓய்வு, சாப்பாட்டு நேரம் உட்பட எல்லாம் பத்தரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற விதி, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. இவைதான் அந்த ஆறு. சட்டமன்றம் செய்தது அரசின் கையில் சாவியைக் கொடுத்தது மட்டுமே. எந்தக் கம்பெனிக்கு எப்போது திறப்பது என்பதைப் பிறகு ஒரு பக்க அறிவிக்கை முடிவு செய்யும். அந்த அறிவிக்கை சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வராது. ஆகவே எந்தத் தொழிலாளர் மசோதாவைப் பார்த்தாலும் ‘விலக்கு’ என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருக்கிற பிரிவை இரண்டு முறை படியுங்கள்.

கேட்டது யார்?

மசோதாவோடு சேர்த்து ‘நோக்கக் காரண விளக்கவுரை’ என்று ஒரு குறிப்பு அச்சிடுவார்கள். நெகிழ்வான வேலை நேரம் வேண்டும் என்று தொழில் அமைப்புகள் அரசிடம் கேட்டிருந்தன என்பதை அந்தக் குறிப்பே சொன்னது. பக்கத்து மாநிலமான கர்நாடகம் அதே ஆண்டு பிப்ரவரியில் வேலை நேரத்தை நீட்டிச் சட்டம் திருத்தியிருந்தது. முதலீடு அங்கே போய்விடும் என்ற பேச்சும் இங்கே ஓடியது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. தங்களுக்கு வேண்டியதை அரசிடம் கேட்பது முதலாளிகள் அமைப்பின் வேலை. நமக்கு வேண்டியதைக் கேட்பது நம் சங்கத்தின் வேலை. அவர்கள் மசோதா எழுதப்படுவதற்கு முன்பே போனார்கள், நாம் நிறைவேறிய பிறகு போனோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்களை லாபியிஸ்ட் என்பார்கள். 1995-இல் வந்த ஒரு சட்டத்தின்படி அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாருக்காக, எந்த மசோதாவுக்காக, எவ்வளவு பணம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டமே இல்லை. இங்கே நமக்குக் கிடைப்பது அந்த விளக்கவுரை ஒரு பத்தியும், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிய தகவல் உரிமை மனுவும்தான். அதை வைத்துக்கொண்டே நிறைய செய்யலாம். இந்தச் சட்டத் திருத்தம் கேட்டு வந்த மனுக்களின் நகல் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ‘ஏன், எதற்காக’ என்று கேட்டால் பதில் வராது. காகிதத்தைக் கேட்டால் வரும்.

பத்து நாள்

மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. 234 பேர் கொண்ட அவையில் அன்றைய ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து நான்கே நான்கு உறுப்பினர்கள்.

ஆனால் மூன்றே நாளில், ஏப்ரல் 24, திங்கட்கிழமை, அமைச்சர்கள் தலைமைச் செயலகத்தில் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. எல்லாம் ஒரே குரலில் பேசின. அன்றைய ஆளுங்கட்சியின் சங்கமான தொ.மு.ச.வும் மசோதாவை எதிர்த்தது. சங்கங்கள் மே 12 அன்று வேலைநிறுத்தம் என்று ஏற்கெனவே தேதி குறித்திருந்தன. பேச்சு நடந்த 24-ஆம் தேதி மாலையே மசோதாவின் மேல் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்படுவதாக அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் நின்று மசோதா திரும்பப் பெறப்படுவதாகச் சொன்னார். நிறைவேறிய நாளிலிருந்து எண்ணினால் பத்து நாள்.

1923 மே 1 அன்று இந்தியாவிலேயே முதல் மே தினக் கொண்டாட்டத்தைச் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் நடத்தினார். சரியாக நூறு வருடம் கழித்து அதே தேதியில் அந்த அறிவிப்பு வந்தது. மேடைப் பேச்சாளர்களுக்கு இது வாய்த்த விஷயம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தொ.மு.ச. எடுத்த நிலைதான். எதிர்க்கட்சிச் சங்கம் கத்தினால் அரசியல் என்று தள்ளிவிடலாம். சொந்த வீட்டுப் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தால் அடுப்பை அணைத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் கம்பெனியில் எத்தனை கொடிகள் இருந்தாலும் ஆளுங்கட்சிக் கொடிச் சங்கத்தை விரோதித்துக்கொள்ளாதீர்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கணக்குதான்.

அங்கே ஜனாதிபதி, இங்கே கொறடா

1947-இல் அமெரிக்காவில் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் என்று ஒன்று வந்தது. சங்கங்களின் கையைக் கட்டுகிற சட்டம். சங்கங்கள் கொதித்தன. ஜனாதிபதி ட்ரூமன் ஜூன் 20 அன்று மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். நம்மூர் வழக்கப்படி அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். மூன்றே நாளில் காங்கிரஸ் என்று அவர்கள் சொல்லும் பாராளுமன்றம் அதே மசோதாவை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்துச் சட்டமாக்கிவிட்டது. கீழவையில் 331-க்கு 83, செனட்டில் 68-க்கு 25. ட்ரூமனின் சொந்தக் கட்சியிலேயே பலர் அவரை எதிர்த்து வாக்களித்தார்கள். யாருடைய பதவியும் போகவில்லை.

அங்கே ஜனாதிபதி வேறு, சட்டம் இயற்றுகிற அவை வேறு. தனித்தனித் தேர்தல், தனித்தனி நாற்காலி. அதனால் அங்கே ஒரு சங்கம் இரண்டு கதவையும் தட்டியாக வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரையும் தனித்தனியே பார்த்துப் பேச வேண்டும். ஒவ்வொரு வாக்கும் ஊசலாடக்கூடிய வாக்கு.

இங்கே அவையில் பெரும்பான்மை வைத்திருப்பவர்தான் முதலமைச்சர். அவர் வேண்டும் என்றால் மசோதா நிறைவேறும், வேண்டாம் என்றால் நிற்கும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கிற எம்.எல்.ஏ.வின் பதவியே பறிபோகலாம். ஆகவே ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்று ‘எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்’ என்று கேட்பது அவரையும் சங்கடப்படுத்தி நம் அரைநாள் கூலியையும் வீணாக்குகிற வேலை. அவரிடம் வேறு விதமாகக் கேளுங்கள். இந்தத் தொகுதியில் இத்தனை பேருக்கு இவ்வளவு நஷ்டம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதைத் தலைமையிடம் சேர்க்கச் சொல்லுங்கள். அதை அவரால் பயமில்லாமல் செய்ய முடியும். கூட்டணியில் இருக்கிற சின்னக் கட்சிகளிடம் கேட்க வேண்டியது வேறு. ஆளுங்கட்சியின் கொறடா அவர்களைக் கட்டுப்படுத்த முடியாது. அவையில் எழுந்து பேசுவதும் வெளியேறுவதும் அவர்களால் முடியும். 2023-இல் அவர்களின் வெளிநடப்புத்தான் மறுநாள் தலைப்புச் செய்தி.

ஆளுநர் இருக்கிறாரே, குடியரசுத் தலைவர் இருக்கிறாரே என்று சிலர் கேட்பார்கள். தொழிலாளர் நலம் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் பொதுவான பட்டியலில் வருவது. மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிற மாநிலத் திருத்தம் இங்கே செல்ல வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கதவும் இருக்கிறதுதான். ஆனால் அதற்குக் காலவரம்பு விதிக்க முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது. வருடக்கணக்கில் காத்திருப்பதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமன்றமே இல்லாமல்

எல்லாப் பிரச்சினையும் கோட்டைக்குப் போவதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் ஓடினார்கள். மறுநாள் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இங்கே மசோதாவும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. உரிமம் கொடுக்கிற வாரியமும் தீர்ப்பாயமும்தான் கதவு.

கொரோனா நேரத்தில் குஜராத் அரசு இன்னொரு வழியில் போனது. 2020 ஏப்ரலில் ஓர் அறிவிக்கை மட்டும் போட்டு, பன்னிரண்டு மணி நேர வேலை, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி கிடையாது என்றது. ‘பொது நெருக்கடி’ காலத்தில் விலக்கு அளிக்கலாம் என்ற பழைய பிரிவைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். ஒரு தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது, ஓ.டி. கூலியையும் கொடுக்கச் சொன்னது. அறிவிக்கையில் வந்த வம்பை நீதிமன்றத்தில் வைத்தும் முறிக்கலாம். ஆறு மாதமும் ஒரு நல்ல வக்கீலும் வேண்டும்.

தினசரி வேலையில் வருகிற தகராறுக்குக் கதவு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் நம் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ரோட்டில் ஒரு பக்கம் மத்தியப் பொதுத்துறைக் கம்பெனி, எதிர்ப்பக்கம் தனியார் கம்பெனி. தனியார் கம்பெனியில் கூலித் தகராறு என்றால் மாநிலத் தொழிலாளர் துறை. மத்தியப் பொதுத்துறை, பெரிய துறைமுகம் என்றால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிற மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். நீங்கள் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் இதுவேதான். இத்தோடு குழப்பம் முடியவில்லை. பாதுகாப்புப் பிரச்சினை, அதாவது கேஸ், கைக் கவசம், படிக்கட்டு என்றால் மத்திய அரசுக் கம்பெனியே ஆனாலும் மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்தான் ஆய்வுக்கு வரும்.

ஒருமுறை நாங்கள் 40 காண்ட்ராக்ட் தோழர்களின் கையெழுத்தை வாங்கி, மாலையெல்லாம் உட்கார்ந்து தட்டச்சுச் செய்து, மனுவைக் கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். சீல் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நகலை லேமினேட் செய்து சங்க அறையில் மாட்டிக்கூட வைத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: இது எங்கள் வரம்பில் வராது. தவறு எங்களுடையது. கதவு எண்ணைப் பார்க்காமல் தட்டியிருந்தோம். அதற்குள் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தனியாகப் போகிறவரை எந்த அலுவலகமும் உட்கார வைத்துப் பேசாது, சங்கமாகப் போனால் நாற்காலி வரும். சங்கத்தைப் பதிவு செய்ய அந்த நிறுவனத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினரோ அல்லது நூறு பேரோ, இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும். எப்படியும் ஏழு பேருக்குக் குறையக் கூடாது. 1918-இல் பெரம்பூரில் பி.பி. வாடியா சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது சங்கம் வைக்க ஒரு சட்டமே கிடையாது. மில் நிர்வாகம் அவர் மேலேயே வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. அந்த வழக்கு கிளப்பிய சூடு டெல்லி வரை போய் 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. இன்று உங்களுக்குத் தேவை அந்த எண்ணிக்கையில் உறுப்பினர்களும், ஏழு பேர் கையெழுத்திட்ட ஒரு விண்ணப்பமும்.

இனி இன்றைய சட்டத்தின் கதை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு உட்கார்ந்திருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பது அதிலும் உண்டு. விலக்கும் உண்டு. அதன் 127-ஆம் பிரிவைப் படியுங்கள். வேலைவாய்ப்பைப் பெருக்கப் பொதுநலன் கருதி, புதிய தொழிற்சாலைகளுக்கு அரசு அறிவிக்கை மூலம் விலக்களிக்கலாம் என்கிறது. 2023-இல் நாம் எதிர்த்த சாவிக்கு ஒரு தம்பி.

தொகுப்பு சட்டம் என்றால் அதை நடத்துவது விதிகள். விதிகளை வரைவாக அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணையும் யோசனையும் கேட்பார்கள். முதலாளிகள் அமைப்புகள் வக்கீல் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பும். சங்கங்களில் சில அனுப்பும். தனித் தொழிலாளி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டது மிகக் குறைவு. அதற்கு எம்.எல்.ஏ. வேண்டாம், கொறடா வேண்டாம், வெளிநடப்பு வேண்டாம். எந்த விதி, அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம், அதற்குப் பதில் என்ன எழுத வேண்டும் என்று மூன்று வரி, தமிழிலேயே, விரைவுத் தபாலில் போதும். எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று அந்த அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். புழல் அறிவிப்பில் நம் ஊர்ப் பெயரைத் தேடுகிற மாதிரி, முதலில் அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள்.